இரண்டாக வெட்டிய மண்புழு

நேற்றைய மழையில் வாசல் முழுக்க மண்புழு. பேத்தி "ஐயே, புழு!" என்று துள்ளிக் குதித்து உள்ளே ஓடிவந்தாள். எனக்கோ 1980களில் நான் வேலை பார்த்த கிராமத்துத் தொடக்கப் பள்ளியும், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையனும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அப்போதும் ஐப்பசி மழைதான். வகுப்பில் மண்புழு பாடம். உழவனின் நண்பன், மண்ணைத் தின்று எருவாக்கும், நுரையீரல் கிடையாது, ஈரத் தோலாலேயே மூச்சு விடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த நான், "இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகிவிடும்" என்றும் சொன்னேன். சின்ன வயதில் என் வாத்தியார் எனக்குச் சொன்னது. சரிதானா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தப் பையன் எழுந்தான். "இல்ல டீச்சர், தூண்டிலுக்குப் பிச்சுப் போடுவோம்ல, மிச்ச வால் துண்டு செத்துப்போயிரும்."

வகுப்பே சிரித்தது. "எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி பேசாதே, உட்காருடா" என்று அதட்டினேன்.

மறுநாள் ஒரு கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு வந்து நின்றான். உள்ளே பிளேடால் வெட்டிய புழு, இரண்டு துண்டாக. "நீங்க சொன்ன மாதிரி ரெண்டாகுதான்னு பாக்கலாம் டீச்சர்." முகத்தில் துளியும் குறும்பு இல்லை. ஜன்னலோரம் வைத்தோம். பிள்ளைகள் தினமும் தண்ணீர் தெளித்தார்கள். நான்காம் நாள் தலைத் துண்டு லேசாக நெளிந்தது. வால் துண்டு அழுகி நாறியது.

"அதுக்கு வலிச்சிருக்கும்ல டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அன்று மாலையே பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். புழுவின் தலைப்பக்கம் மோதிரம் போட்டதுபோல் ஒரு பட்டை இருக்கும். அதற்கு நன்றாகப் பின்னால் வெட்டுப்பட்டால் தலைப்பகுதி பிழைத்து வால் வளர்த்துக்கொள்ளலாம். வால் பகுதிக்குப் பொதுவாகப் புதுத் தலை முளைப்பதில்லை என்றார். டார்வின் மண்புழுக்களைத் தொட்டிகளில் வளர்த்துக் கவனித்துத்தான் 1881இல் அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார் என்றும் சொன்னார். நானோ ஒரு புழுவைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமலே இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்!

மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தப்பு. இவன் சொன்னதுதான் சரி. தெரியாமல் சொல்லி ஒரு புழுவை வெட்ட வைத்துவிட்டேன்" என்றேன். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். டீச்சர் தன் தப்பை ஒப்புக்கொண்டு அவர்கள் பார்த்ததில்லை. பிறகு அந்தப் பையனையே ஒரு புழு கொண்டுவரச் சொல்லி, காய்ந்த செய்தித்தாள் மேல் விடச் செய்தேன். எல்லோரும் மூச்சடக்கிக் காதைக் கிட்டே வைத்தோம். அதன் உடம்பில் உள்ள நுண்ணிய மயிர்கள் காகிதத்தில் உரசும் சத்தம், சரசரவென்று கேட்டது. உடனே நனைத்த கையால் எடுத்துச் செம்பருத்திச் செடியடியில் விட்டோம்.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தச் செய்தித்தாள் பாடம் தொடர்ந்தது. தூண்டில் போடும் பிள்ளைகளை முதலில் பேசவிடுவதும்தான்.

"இங்க வாடி கண்ணு, கையை நனைச்சுட்டு வா" என்று பேத்தியைக் கூப்பிட்டேன். பழைய பேப்பர் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு இருவரும் வாசலில் உட்கார்ந்தோம்.