முகூர்த்தத்துக்கு மறுநாள்

எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் முகூர்த்தத்தோடு முடிந்ததில்லை. மறுநாள் என்று ஒன்று இருந்தது. மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்து, பாத்திரங்களை எண்ணி அனுப்பி, வெளியூர்ச் சொந்தமெல்லாம் எங்கள் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்து எழுந்து, தலையில் நேற்றைய மல்லிகை வாடிக் கிடக்க, "இன்னைக்கு எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்கும் நாள். கெட்டிமேளம்கூட எனக்கு மங்கிவிட்டது. அந்தக் கேள்வி மங்கவில்லை. இங்கே மெல்பர்னில் என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சேலத்துக்கு விருந்தாளிகள் இருட்டோடு வந்து இறங்குவார்கள். சென்னையில் ராத்திரி ஏறினால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே ஜங்ஷனில் கொண்டுவந்து விட்டுவிடும். பெரியப்பா வேனோடு போய் நிற்பார். "வாங்க, வாங்க, தூங்குனீங்களா?" பிளாட்பாரத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல். "இந்த ரயிலு மலைமேல ஏறுமா தாத்தா?" என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்கும். "இது ஈரோட்டுக்குத்தான் கண்ணு போகும். மலைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். ஏற்காட்டுக்குத் தண்டவாளமே கிடையாது. அந்த ரயிலுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அதனால்தானே பெரியப்பாவுக்கு அப்படியொரு வார்த்தை சொல்லக் கிடைத்தது.

யார் எங்கே போவது என்று பிரிப்பதும் அவர்தான். பெரியவர்கள் நாமக்கல்லுக்கும் தாரமங்கலத்துக்கும். காலேஜ் பிள்ளைகள் ஏற்காட்டுக்கு. தஞ்சாவூர்க்காரர்கள் மேட்டூருக்கு, அதில் பேச்சே இல்லை. பெண்களில் பாதிப் பேர் எந்த வேனிலும் ஏறமாட்டார்கள். அவர்களுக்குச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கொலுசு வாங்க வேண்டும். எடை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடியையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். அத்தை ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம், கூட வந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம். கடை முழுக்க அந்தச் சத்தம்தான். அங்கே வாங்கிய கொலுசு ஒரு ஜோடி இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் குளிரில், கம்பளிக் காலுறைக்குள், அது வாய் திறப்பதில்லை.

ஏற்காட்டு வேன் அடிவாரம் போய்ச் சேரும் முன் ஓர் இடத்தில் நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. உள்ளே ஸ்டூடியோ இல்லை, வளைவு மட்டும்தான். டி.ஆர். சுந்தரத்தின் கம்பெனி இங்கிருந்து நூறு படங்களுக்கு மேல் எடுத்தது என்று பெரியப்பா தொடங்குவார். தமிழின் முதல் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இங்கிருந்துதான் வந்தது என்பார். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்', 1938-ல், அதுவும் இந்தக் கம்பெனிதான் என்றதும் பாலக்காட்டுச் சம்பந்தி வேனைவிட்டு இறங்கி, வளைவின் தூணைக் கையால் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் மலை. 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை, வேனில் உள்ள எல்லோரும் ஒரே குரலில் எண்ணிக்கொண்டே ஏறுவது. மேலே காற்று மாறும். பொழுது சாய லேடீஸ் சீட்டில் போய் நின்றால் கீழே சேலம் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டிருக்கும். "அதோ அஞ்சு ரோடு. அதோ ஜங்ஷன். நம்ம மண்டபம் அந்த இருட்டுக்குப் பக்கத்துல." எல்லோரும் பெரியப்பா விரலைப் பார்ப்பார்கள், நானும்தான்.

ஊரை விட்டு வந்த எவருக்கும் இது தெரிந்திருக்கும். உங்கள் ஊரை நீங்களும் தனியாகச் சுற்றிப் பார்த்திருக்க மாட்டீர்கள். விருந்தாளி வந்தால்தான் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வாய் பிளக்கும்போதுதான், அட, இது நம்முடையதல்லவா என்று உள்ளே ஒன்று நிமிரும். அப்படி நிமிர்ந்ததைத்தான் நான் விட்டுவிட்டு வந்தேன்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் பிள்ளைகளுக்கு வேலை வைப்பார் பெரியப்பா. ராமன் சிலை உள்ள தூணருகே ஒருவர், வாலி தூணருகே ஒருவர். ராமன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரியமாட்டான். கதையைச் சிற்பி கல்லில் அப்படி நிறுத்தியிருக்கிறான். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் பந்தை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு நாமக்கல். 18 அடி ஆஞ்சநேயர், தலைக்குமேல் கூரை இல்லாமல், எதிரே மலைக்குள் இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பியபடி. மிளகு மணக்கும் வடைமாலை. வழியெல்லாம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம் ஒரு பட்டறையில் தேய அடுத்த பட்டறை எடுத்துக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் இப்போது அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தெரு அவ்வளவு அமைதியானது.

மேட்டூருக்குத்தான் நான் தவறாமல் போவேன். எங்களுக்கு அந்த அணை ஒரு பூங்கா, கொஞ்சம் மீன் வறுவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. தஞ்சாவூர் மாமாவுக்கு அப்படியில்லை. ரயிலைவிட்டு இறங்கியதும் பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று கேட்க மாட்டார். "அணையில எத்தனை அடி?" என்பதுதான் முதல் கேள்வி. முழு நீர்மட்டம் 120 அடி. பெரியப்பா காலைப் பேப்பரில் அன்றைய அளவைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கே போவார். வைகாசிக் கல்யாணம் என்றால் ஜூன் 12 பக்கத்தில் இருக்கும். குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் நாள் அது. மாமா தண்ணீரைப் பார்த்தபடி நிற்பார், பேசவே மாட்டார், வேட்டி காற்றில் அடித்துக்கொள்ளும், நாங்கள் மீன் கடையில் ஜிலேபி மீனா கட்லாவா என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம், பெரியப்பா மட்டும் அவர் பக்கத்தில் போய், அவரும் பேசாமல், நின்றுகொண்டிருப்பார். ரொம்ப நேரம். பிறகு மாமா சொல்வார், "வந்துரும்." அவ்வளவுதான்.

ராத்திரி எந்த வேன் எங்கே போயிருந்தாலும் எல்லோரும் தட்டுவடை செட் வண்டி முன்னால் சேர்ந்துவிட வேண்டும். பெரியப்பா போட்ட சட்டம். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்பில் ஒரு சட்னி, பச்சையில் ஒரு சட்னி. கடிக்கக் கூடாது, முழுசாக வாயில் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். மதுரைச் சித்தி கடிப்பார். சட்னி புதுப் பட்டுப்புடவையில் வழியும். "இன்னும் ரெண்டு செட்டு, ஒரு நொறுக்கல்" என்று பெரியப்பா குரல் கொடுக்க, வண்டிக்காரர் கைநிறையத் தட்டுவடையை எடுத்து நொறுக்கும் அந்தச் சரசரப்பு. இங்கே இந்தியக் கடையில் தட்டை பாக்கெட்டில் கிடைக்கிறது. நானும் பீட்ரூட் துருவி, இரண்டு சட்னியும் அரைத்துச் செய்து பார்த்தேன். ருசியில் குறையில்லை. மேஜையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன்.

மாம்பழமும் அப்படித்தான். இங்கே டிசம்பரில் கென்சிங்டன் பிரைடு பெட்டி பெட்டியாக வரும். நல்ல பழம். ஆனால் விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பும்போது மல்கோவாவையும் இமாம் பசந்தையும் சேலம் குண்டையும் வைக்கோல் வைத்துக் கட்டி, எது இன்றைக்குப் பழுக்கும், எது வியாழக்கிழமை பழுக்கும் என்று பெட்டிமேல் எழுதிக் கொடுத்த ஆள் இப்போது இல்லை.

போன வருஷம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நல்ல ஓட்டலில் அறை. குளிர்சாதனம், வெந்நீர், மெத்தென்ற தலையணை. மேஜைமேல் ஒரு உறை. அதில் அச்சடித்த தாள்: சேலத்தில் பார்க்க வேண்டிய இடங்கள், சாப்பிட நல்ல இடங்கள், ஒவ்வொன்றுக்கும் தூரம், கீழே போனில் காட்டினால் வழி சொல்லும் கட்டம். ஏற்காடு இருந்தது. மேட்டூர், தாரமங்கலம், நாமக்கல், தட்டுவடை செட், பள்ளிபாளையம் சிக்கன் எல்லாம் இருந்தன. ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிள்ளைகள் எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்று மனசார நினைத்தேன். "அத்தை, காரும் டிரைவரும் ரெடியா இருக்காங்க. எங்க வேணும்னாலும் போயிட்டு வாங்க" என்றாள் மணப்பெண்ணின் தங்கை. போயிட்டு வாங்க. போகலாம் வாங்க என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை, அவர்கள்மேல் குற்றமும் இல்லை. அந்தத் தாள் யாருக்காக அச்சடிக்கப்பட்டதோ அவர்களில் நானும் ஒருத்தி.

வருகிற தையில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. தஞ்சாவூர் மாமா இப்போது இல்லை. அவர் மகன் வருகிறான். "பெரியப்பா இல்லாம மேட்டூருக்கு யாருக்கா கூட்டிட்டுப் போவாங்க?" என்று எழுதியிருக்கிறான். நான் கூட்டிப் போகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். ஓமலூர், மேச்சேரி, மேட்டூர் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. நடுவில் எந்த மரத்தடியில் பெரியப்பா வேனை நிறுத்தி எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தருவார் என்பது மட்டும் வரவில்லை.