வயிற்றில் ஒரு வாயில்

சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் பற்றி நாம் திண்ணையிலும் திருமண வீட்டிலும் தடையின்றிப் பேசுகிறோம். மலம் கழியும் பாதையில் நோய் வந்துவிட்டாலோ, பெற்ற பிள்ளைகளிடமும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் உயிருக்கே கேடாக முடிவதுண்டு. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் எனக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சையில் நோயுற்ற பகுதியை அகற்றி, பெருங்குடலின் முனையை இடப்பக்க அடிவயிற்றின் வழியே வெளியே கொணர்ந்து தைத்துவிட்டனர். இதற்குக் கொலாஸ்டமி என்று பெயர். அவ்வாயில் செந்நிறமாய், வாயின் உட்புறம் போல் ஈரமாய் இருக்கும்; தொட்டால் வலிக்காது. அதற்கு அடக்கும் தசை இல்லாமையால், வருவதை ஏற்க ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இது இன்று நேற்று வந்த சிகிச்சையன்று. ஆசனவாய் இன்றிப் பிறந்த ஒரு குழந்தைக்கு 1793-இல் பிரான்சு நாட்டில் டூரே என்னும் மருத்துவர் இவ்வாறு வழி செய்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. ஒட்டும் பைக்கு வித்திட்டதோ உடன்பிறந்த பாசம். டென்மார்க்கு நாட்டுச் செவிலியர் எலிசே சோரன்சன், அறுவைக்குப்பின் வெளியே செல்ல அஞ்சி வீட்டில் முடங்கிய தம் சகோதரிக்காக 1954-இல் அதனை எண்ணிக் கண்டார்.

பராமரிப்பு, பழகிவிட்டால் எளிதே. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். நிறைய விட்டால் பாரத்தால் ஒட்டு கழன்றுவிடும். நான் மூன்று நாளுக்கொரு முறை பையை மாற்றுகிறேன். ஆக, மாதத்திற்குப் பத்துப் பைகள். சுற்றுத் தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, நன்கு உலர்ந்த பின்னரே ஒட்டுகிறேன். எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு கூடாது. தட்டின் துளை வாயிலைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருத்தல் நலம். மிகுந்தால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். துடைக்கையில் சிறிது இரத்தம் கசிவது இயல்பு. வாயில் கறுத்துவிட்டாலோ, ஒன்றும் வெளிவராமல் வயிற்றுவலியும் வாந்தியும் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எங்கள் கடலூர் முதுநகரின் உப்புக் காற்றும் வியர்வையும் ஒட்டுக்குப் பகை. ஆதலால் கோடையில் சற்று முன்னதாகவே மாற்றிவிடுகிறேன். கைலியை வாயிலின் மேல் இறுக்கிக் கட்டுவதில்லை. கருவாடும் முட்டையும் வெங்காயமும் வாடையை மிகுவிக்கும். பயணத்திற்கு முந்திய நாள் அவற்றைத் தவிர்த்து மோர் அருந்துகிறேன். சிதம்பரத்தில் இருக்கும் மகளைக் காண இரயில் ஏறும்போது, துளை வெட்டிய இரு பைகள், துணி, தண்ணீர்ப் புட்டி, கழிவுக்கான உறை ஆகியன தோள்பையில் இருக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என நிலையங்கள் கடக்கும். என் மனம் முன்போல் பதறுவதில்லை.

உடலினும் மனத்தை வாட்டியது தொழுகை பற்றிய ஐயமே. ஒளூ நிற்குமா, பள்ளிவாசலில் ஸஃப்பில் நிற்கலாமா என்று எங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டேன். மூல நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சலுகை அளித்ததை அவர் நினைவூட்டினார். வக்து வந்தபின் பையைக் காலி செய்து, சுத்தம் செய்து, ஒளூச் செய்து தொழுங்கள். தடுக்க இயலாமல் வெளிப்படுவதற்கு மார்க்கம் உங்களைக் குற்றம் பிடிக்காது என்றார். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிதாக ஒளூச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முடியும்வரை ஒரே ஒளூ போதும். அவரவர் நிலைக்கேற்பத் தம் ஆலிமைக் கேட்டுக் கொள்வதே முறை. ஸுஜூதில் வயிறு அழுந்தாதபடி சற்று நிதானமாகக் குனிகிறேன், அவ்வளவே.

மனிதர்களின் பார்வைதான் எஞ்சியிருந்தது. பரங்கிப்பேட்டையில் ஒரு நிக்காஹ் விருந்து. என் நோயை அறிந்த ஓர் உறவினர் சற்று விலகி அமர்ந்தார். என் மச்சானோ, "வாங்க மச்சான், நம்ம சஹன்ல ஒரு ஆள் குறையுது" என்று கைப்பிடித்து அமர்த்தினார். மருந்துகள் ஆற்றாத ஒன்றை அந்தக் கை ஆற்றியது.

உங்கள் வீட்டில் எவருக்கேனும் மலத்தில் இரத்தம் கண்டாலோ, மலம் கழியும் வழக்கம் சில வாரங்கள் மாறியிருந்தாலோ, மூலம் என்று தாமே முடிவு கட்டி மறைக்க விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முற்படக் கண்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. பலருக்குப் பை தேவைப்படாமலும் போகலாம். ஏற்கெனவே பையுடன் வாழ்பவர் உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த விருந்தில் உங்கள் சஹனில் அவருக்கு ஓர் இடம் விட்டு வையுங்கள்.