மலைச்சரிவும் மெல்லிய காலணியும்

இங்கிலாந்தின் வடமேற்கே போல்ட்டன் என்றொரு நகரம் உண்டு. முன்னர்ப் பஞ்சாலைகளால் பெயர் பெற்றது. இன்று குஜராத்திலிருந்து சென்று குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்தது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வேலை நிமித்தம் அங்கே வாழ்கிறார். அவருடைய அழைப்பின் பேரில் சென்ற ஆண்டு செப்டம்பரில் இரண்டு வாரங்கள் அங்கே தங்கியிருந்தேன்.

நான் போய் இறங்கிய அன்றே வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாணவரின் மகனுக்கு 19 வயது. மலையோட்டப் பந்தயம் ஒன்றில் பெயர் கொடுத்திருந்தான். தந்தை வாங்கி வந்திருந்தது தடித்த அடிப்பாகமும், கணுக்காலை மூடும் உயரமும், நீர் புகாத உள்துணியும் கொண்ட விலையுயர்ந்த காலணி. மகன் கேட்டதோ கையில் எடுத்தால் கனமே தெரியாத ஒன்று. "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்கள். காகிதம் போன்ற இதைப் போட்டுக்கொண்டு மலையில் ஓடினால் கால் மிஞ்சுமா?" என்று மாணவர் என்னை நடுவராக்கிவிட்டார். நானும் சற்றும் யோசியாமல் தந்தையின் பக்கமே தீர்ப்பளித்தேன்.

வீட்டுப் பாட்டியாருக்கோ ஓட்டமே வீண் வேலை. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடிப் போட்டியிட்டதையும், முதன்முறை அன்னையார் வென்றதையும், பின்னொரு முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தியதையும் எடுத்துச் சொன்னேன். அந்த வழக்கு அத்தோடு முடிந்தது. காலணி வழக்குத்தான் முடியவில்லை.

பையன் ஓடிப் பழகுவதற்காக அந்த வாரக் கடைசியில் ஏரி மாவட்டத்துக்குப் புறப்பட்டோம். கெண்டல், விண்டர்மியர், கிராஸ்மியர் எனச் செல்லும் பாதை டன்மெயில் கணவாயைக் கடந்து கெசிக் நகரை அடைகிறது. மரங்களற்ற பசும்புல் மலைகள், கல்லடுக்கி எழுப்பிய வேலிகள், மழையைப் பொருட்படுத்தாது மேயும் ஆடுகள். இம்மலைகளை அம்மக்கள் 'ஃபெல்' என்கிறார்கள். பழைய நார்ஸ் மொழி தந்த சொல்.

இந்தக் கெசிக்கில் விருந்தினர் விடுதி நடத்தியவர் பாப் கிரஹாம். மது தொடாதவர், சைவ உணவினர். 1932 ஜூனில் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கினார். ஏறத்தாழ 106 கிலோமீட்டர்! அவர் காலில் கிடந்தது வெறும் டென்னிஸ் காலணி. ஒத்திகையின்போது அது தேய்ந்துவிடக் கூடாதென்று வெறுங்காலோடு நடந்தார் என்றும் சொல்வார்கள். அந்த வரலாற்றைக் காரில் பையன் சொல்லிக்கொண்டு வந்தபோதாவது நான் விழித்திருக்க வேண்டும்.

டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேற்கே 451 மீட்டர் உயரத்தில் கேட்பெல்ஸ் நிற்கிறது. சிறு மலைதான், ஆனால் அன்று இரவெல்லாம் மழை பெய்திருந்தது. நானும் மாணவரும் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டோம். மேலேறிச் சென்ற பையன் பாதையை விட்டு விலகி, ஈரப்புல் சரிவில் ஓடி இறங்கினான். தடித்த அடிப்பாகம் சரிவில் பக்கவாட்டாகப் புரண்டது. கணுக்கால் மடங்க, எங்கள் கண்ணெதிரே பல கஜ தூரம் உருண்டான். பாறைக்கு இரண்டு முழம் முன்னே உடல் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. காலணியைக் கழற்றியபோது ஒரு கிண்டி அளவு நீர் கொட்டியது. சேற்றில் கால் புதைந்தபோது மேல்வழியாகப் புகுந்த நீர், நீர் புகாத துணியாலேயே வெளியேற வழியின்றி நின்றுவிட்டது! தந்தை ஒன்றும் பேசவில்லை. என் தீர்ப்பு என் முகத்தில் அறைந்தது.

திரும்பும் வழியில் கெண்டலில் ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த முதியவர் முதலில் கேட்டது பணத்தைப் பற்றியன்று, "எந்தத் தரையில் ஓடப் போகிறாய்?" என்பதுதான். கற்கள் இறுகிய காட்டுப்பாதையானால் குட்டையான ரப்பர் முளைகளும் சற்றே மெத்தையும் போதும். சேறும் ஈரப்புல்லும் நிறைந்த ஃபெல் ஓட்டத்துக்கு ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர் முளைகள் வேண்டும். அவையும் இடைவெளி விட்டிருந்தால்தான் சேறு உதிரும். கால் தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கணுக்கால் புரளும் அபாயம் குறையும். எனவே அடிப்பாகம் மெல்லியதாகவும், வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். நீர் புகட்டும், ஆனால் புகுந்த வேகத்தில் வடியட்டும் என்றார் அவர். காலணியில் நூறு கிராம் கூடினால் ஓடுவோரின் உழைப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. நாள் முழுதும் ஏறுபவருக்கு அது சிறு சுமையன்று.

ஆனால் எடை மட்டுமே பார்த்து வாங்குவதும் பிழையே. குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. இறக்கத்தில் விரல்கள் முன்னே மோதாதிருக்க ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், பந்தயத்தன்று அணியப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். ஈரப்பாறையைக் கவ்வும் மென்மையான ரப்பர் தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். வீட்டிலிருந்தே அணிந்து கிளம்புவது காசைக் கரைப்பதாகும்.

போல்ட்டன்தான் இத்தகைய காலணிகளின் தொட்டில் என்பதும் எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. ஃபாஸ்டர் குடும்பத்தின் பட்டறையில் தொழில் கற்ற நார்மன் வால்ஷ், 1961இல் அவ்வூரிலேயே தனிப் பட்டறை தொடங்கினார். ஃபெல் ஓட்டக்காரர்கள் போற்றும் 'பி.பி.' காலணி அவருடையது. கெண்டல் ஓட்டக்காரர் பீட் பிளாண்டின் பெயரெழுத்துகளே அதற்குப் பெயராயின. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அறிவைத் தேடி மலை ஏறி விழுந்திருக்கிறோம்!

தந்தை பழைய காலணியைவிடப் பாதி விலையில் ஒரு மெல்லிய சோடியை வாங்கித் தந்தார். கணுக்கால் வீக்கம் வடிந்து பந்தயம் நடந்தபோது நான் ஊர் திரும்பியிருந்தேன். இரவு இஷா தொழுகைக்குப் பின் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். மகன் எத்தனையாவதாக வந்தான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். ஒருமுறைகூட விழவில்லை என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார்.