இத்தாலிய வாத்தும் இரும்புப் பெட்டியும்

சித்திரக் கதை என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அச்சித்திரத்தில் உலவுவது மேற்சட்டை மட்டும் அணிந்து காற்சட்டை அணியாத ஒரு வாத்து என்று தெரிந்தாலோ, அச்சுளிப்பு ஏளன நகைப்பாக மாறிவிடும். முப்பது வயதைக் கடந்து, தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நாம், வாத்துக் கதைகளைப் பற்றி ஓர் இலக்கியப் பகுதியில் எழுதத் துணிந்தது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். வினவுவது முறையே. விடை கூற நாமும் கடமைப்பட்டுள்ளோம்.

ஆங்கில வழியிற் கற்ற நமக்கு டொனால்ட் என்னும் வாத்து இளமையிலேயே அறிமுகமானது. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைச்சித்திரம் ஒன்றிற் பிறந்தது அது. அதன் மாமனாகிய கஞ்சப் பெருஞ்செல்வன் ஸ்குரூஜை 1947-இல் படைத்தவர் கார்ல் பார்க்ஸ் என்னும் ஓவியர். ஆயின், இவ்வாத்துகள் கடல் கடந்து இத்தாலி நாட்டிற் குடியேறி, அந்நாட்டுக் குடிமக்களாகவே மாறிவிட்ட வரலாற்றைப் பின்னாளில், அக்கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் படித்தபோதே அறிந்தோம். அமெரிக்கக் கதைகளினும் இவை நம் உள்ளத்தை ஆழத் தொட்டன.

இத்தாலியில் ‘தொப்போலினோ’ என்னும் ஏடு 1932 டிசம்பரில் பிளாரன்ஸ் நகரில் தொடங்கிற்று. தொப்போலினோ என்பதற்குச் சிற்றெலி என்பது பொருள். மிக்கி எலிக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அதுவே. 1935-இல் அது மொந்ததோரி பதிப்பகத்தாரின் கைக்கு மாறியது. முசோலினியின் அரசு 1938-இல் அயல்நாட்டுச் சித்திரக் கதைகளுக்குத் தடை விதித்தபோதும் இச்சிற்றெலிக்கு மட்டும் விலக்களித்தது. அவ்விலக்கும் 1942-இல் முடிந்தது. போர் ஓய்ந்த பின், 1949 ஏப்ரலில், அவ்வேடு கையடக்கமான சிறு புத்தக வடிவில் மறுபிறப்பெடுத்தது. அச்சிறு புத்தகத்தின் பக்கங்களை நிரப்ப அமெரிக்காவிலிருந்து வந்த கதைகள் போதவில்லை. ஆகவே இத்தாலியர் தாமே எழுதவும் வரையவும் முனைந்தனர். முட்டுப்பாடே படைப்புக்குத் தாயாயிற்று. 1960 முதல் வார ஏடாக வெளிவரும் அது மூவாயிரம் இதழ்களைக் கடந்து இன்றும் நடக்கின்றது.

அவர்கள் செய்த முதல் நற்செயல் பெயரிடலாகும். அயற்பெயரை அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. டொனால்ட் ‘பாப்பெரினோ’ ஆனான். மாமன் ‘பாப்பெரோனே’ ஆனான். அவர்தம் மொழியில் ‘பாப்பெரோ’ என்பது இளம் வாத்தினப் பறவையைக் குறிக்கும். மருமக்கள் மூவரும் ‘குயி’, ‘குவோ’, ‘குவா’ என வாத்தின் கத்தலையே பெயராகப் பெற்றனர். இயந்திரங்களைப் படைக்கும் அறிஞனுக்கோ ‘ஆர்க்கிமேதே பித்தகோரிக்கோ’ என்று பெயர். ஆர்க்கிமிடீசையும் பித்தகோரசையும் ஒருங்கே நினைவூட்டும் இப்பெயரைப் பத்து வயதுச் சிறுவன் சிரித்துக்கொண்டே கற்றுவிடுகிறான். அயலார் சரக்கைத் தன்மொழியாக்கிக் கொள்ளும் கலை இதுவன்றோ!

இரண்டாவது நற்செயல் இன்னும் பெரிது. குயிதோ மார்த்தினா என்னும் எழுத்தாளர் ஆஞ்செலோ பியோலெத்தோ என்னும் ஓவியருடன் சேர்ந்து 1949-50-இல் ‘சிற்றெலியின் நரகம்’ என்ற கதையை வெளியிட்டார். இத்தாலியின் மகாகவி தாந்தே எழுதிய நரகக் காண்டத்தின் நகைச்சுவை வடிவம் அது. மிக்கி எலி தாந்தேயாகவும் அதன் தோழன் கூஃபி வழிகாட்டும் விர்ஜிலாகவும் வருகின்றனர். தாந்தே கையாண்ட மூவடிச் செய்யுள் யாப்பிலேயே படங்களின் கீழுள்ள வரிகளையும் மார்த்தினா அமைத்தார். அதைத் தொடர்ந்து வாத்துகளும் காவிய உலகிற் புகுந்தன. 1956-இல் பாப்பெரினோ டான் குயிக்சோட் ஆனான். 1966-இல் லூச்சியானோ பொத்தாரோ என்னும் ஓவியர் கையில் அவனே அரியொஸ்தோவின் காவியத் தலைவனாகிய ஒர்லாந்தோவின் வேடம் பூண்டான். 1976-இல் மன்சோனியின் புகழ்பெற்ற புதினமும் வாத்துகளின் திருமணக் கதையாயிற்று.

பெருங்காவியத்தை வாத்தின் வாயில் வைப்பது அவமதிப்பன்றோ என்று சிலர் கேட்பர். அன்று என்பதே நம் துணிபு. ஒன்றை அறியாதவன் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. மூல நூலின் ஓசையும் உருவமும் காதில் நின்றால்தான் அதன் பகடி இனிக்கும். இத்தாலியச் சிறுவன் பள்ளியில் தாந்தேயைக் கற்கப் புகும் நாளில், அந்நரகத்தின் வாயிலை முன்னமே ஒருமுறை கண்டவனாகவே புகுகிறான். அஞ்சி ஒதுங்கிய நூல் அலமாரியிற் பூசைப் பொருளாகக் கிடக்கும். சிரித்துப் பழகிய நூலோ கையில் தவழும். இவ்விரண்டில் எது நூலுக்குச் செய்யும் மரியாதை என்பதை அன்பர்களே தீர்மானிக்கட்டும்.

நிற்க. இக்கதைகள் நம்மைப் பற்றிக்கொண்டதற்குக் காவியம் மட்டும் காரணமன்று. கூலியே முதற் காரணம். பார்க்ஸின் கதைகளிலேயே மாமன் தன் மருமகனுக்கு மணிக்கு முப்பது சதம் கொடுப்பவன். எனினும் அவன் நெஞ்சில் எங்கோ ஒரு மூலையில் ஈரம் உண்டு. மார்த்தினாவின் பாப்பெரோனேயிடம் அவ்வீரம் காண்பது அரிது. கடன் பட்டியலை நீட்டி, நாணயங்களைத் துலக்கச் சொல்லி, அதட்டிப் பணி கொள்ளும் முதலாளி அவன். வெனிஸ் நகரத்து ஓவியர் ரோமானோ ஸ்கார்ப்பா அம்மாமனை வேறொரு கோணத்தில் நோக்கினார். 1960-இல் வந்த ‘பாபிலோனியப் பருப்பு’ என்னும் கதையில், அப்பெருஞ்செல்வன் அனைத்தையும் இழந்து வறியவனாக நிற்கும் காட்சியோடு தொடங்குகிறார். அவன் பணக் கோட்டை கொள்ளையர் கையில்! செல்வம் உடலோடு பிறந்த உறுப்பன்று, கழன்று விழக்கூடிய சட்டையே என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க இயலுமா?

இனி, நாம் மிகவும் போற்றும் கதைக்கு வருவோம். எப்போதும் தோற்கும் பாப்பெரினோ ஒருமுறையேனும் வெல்லலாகாதா என்ற ஏக்கம் வாசகரிடையே இருந்தது. அவ்வேட்டின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த எலீசா பென்னா என்னும் அம்மையார் அதற்கு வழி கண்டார். மார்த்தினா எழுத, ஜெனோவா நகரத்து ஜொவான் பத்திஸ்தா கார்ப்பி வரைய, 1969 ஜூனில் ‘பாப்பெரினிக்’ தோன்றினான். மிலான் நகரச் சகோதரியரான ஆஞ்செலா, லூச்சியானா ஜுசானி இருவரும் 1962-இல் படைத்த ‘தியபோலிக்’ என்னும் முகமூடிக் கள்வனின் நிழல் அவன்மேல் விழுந்திருப்பது வெளிப்படை.

தவறிக் கைக்கு வந்த ஓர் அஞ்சலால் பாப்பெரினோவுக்குப் பாழடைந்த மாளிகை ஒன்று கிட்டுகிறது. அங்கே பந்தோமியுஸ் என்னும் பழைய கனவான் கள்வனின் நாட்குறிப்பைக் காண்கிறான். முகமூடி அணிகிறான். மாமன் படுத்துறங்கும் பணம் அடைத்த மெத்தையையே நள்ளிரவில் களவாடிவிடுகிறான்! ஊரைக் காக்கவோ தீயோரை அடக்கவோ அவன் முகமூடி அணியவில்லை. தனக்கு இழைக்கப்பட்ட சிறுமைக்குப் பழி தீர்க்கவே அணிந்தான்.

இக்கதையைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. செக்ரோல் புத்தகம் எழுதும் கை நம்முடையது. ஒருவர் நாளெல்லாம் செம்பனை மரத்தடியிற் குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கியதை ஒரு கட்டத்துக்குள் ஓர் எண்ணாக அடைப்பது நம் தொழில். முன்னாளில் நாம் பணிபுரிந்த ஒரு தோட்டத்தில், மாதந்தோறும் சம்பள நாளன்று ஒரு மூதாட்டி வந்து, “கிராணி ஐயா, பிடித்தத்தை இன்னொரு தரம் படிச்சுச் சொல்லுங்க” என்பார். முன்பணம் இவ்வளவு, கடைப்பாக்கி இவ்வளவு என்று படிப்போம். கணக்கில் ஒரு காசும் பிசகிராது. அவரும் மறுக்க மாட்டார். தலையசைத்துவிட்டு, மீந்த நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு போவார். கணக்குச் சரியாயிருந்தும் நியாயம் சரியாயில்லை என்பதை எந்தப் பேரேட்டிலும் எழுத இடமில்லை. எழுத இடமில்லாத அவ்வொன்றையே மார்த்தினா ஒரு வாத்தின் முகமூடிக்குள் வைத்து எழுதிவிட்டார் என்று நமக்குத் தோன்றிற்று.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1971-இல் சிலி நாட்டில் அரியேல் டோர்ஃப்மன், ஆர்மாண்ட் மத்தலார் என்னும் அறிஞர் இருவர் டொனால்ட் வாத்துக் கதைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். இக்கதைகள் செல்வர் கண்கொண்டே உலகைக் காட்டுகின்றன, உழைப்பவரை மறைக்கின்றன, ஏழை நாட்டாரைப் பேதைகளாகச் சித்திரிக்கின்றன என்பது அவர்தம் வாதம். 1973-இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தார் அந்நூலைத் தீக்கிரையாக்கினர். எரித்தவர் யார் என்பதே அந்நூலின் மெய்ம்மைக்கு ஒரு சான்று எனலாம். அயல்நாட்டுப் புதையலை அள்ளிவரும் மாமனின் பயணக் கதைகள் பலவற்றைப் பொறுத்தவரை அவ்வறிஞர் கூற்றை நாமும் ஏற்கிறோம்.

ஆயினும் மெத்தையைத் திருடிய வாத்தை அக்கூற்று முற்றும் அடக்காது. அவனுடைய வெற்றி ஓரிரவு வெற்றி என்பது உண்மையே. பொழுது விடிந்தால் கடன் பட்டியல் அப்படியே இருக்கும். ஆனால் மாமனின் உறக்கம் கலைக்கக் கூடியதே என்பதை அவ்வோரிரவில் வாசகன் கண்டுகொண்டான். கண்டதைக் காணாததாக்க எவராலும் இயலாது.

நமக்குள்ள வருத்தம் வேறு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாப்பெரினிக்கின் நகங்கள் வெட்டப்பட்டன. பழிவாங்குவோன் ஊர்க்காவலன் ஆனான்; கொள்ளையரைப் பிடித்து மாமனின் பணக் கோட்டையையே காக்கலானான். 1996-இல் தொடங்கிய புதுத் தொடரில் விண்ணுலகப் பகைவரோடு பொருதான். அவை சுவையற்ற கதைகள் என்று கூறமாட்டோம். ஆனால் ஏழையின் மனக்குறைக்கு விடை கூறாமல், அவனுக்கொரு காவற்காரன் உடுப்பைக் கொடுத்து வாயடைக்கும் வித்தை சித்திரக் கதையில் மட்டுமா நடைபெறுகிறது?

மற்றொன்றும் சொல்லி முடிப்போம். இவ்வோவியரும் எழுத்தாளரும் பல்லாண்டுகள் தம் பெயரின்றியே உழைத்தனர். ஏட்டில் அச்சாகியது அமெரிக்க முதலாளியின் கையொப்பமே. வாசகர்கள்தாம் கோட்டின் வளைவையும் நகைச்சுவையின் போக்கையும் கொண்டு, இது ஸ்கார்ப்பா, இது கார்ப்பி என்று கண்டுபிடித்து, அப்பெயர்களை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தனர். பெயரில்லாமற் செய்த வேலையிலும் செய்தவன் கை தெரியும். சம்பள நாளில் முந்தானையில் முடியப்படும் நோட்டிலும் அவ்வாறே ஒருவர் கை தெரியவேண்டும்; அதைக் காணும் கண்ணைப் பிள்ளைப் பருவத்திலேயே பெறுவதற்கு ஒரு வாத்துக் கதை துணை செய்யுமாயின், அதைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள்; அவர்களோடு அமர்ந்து நீங்களும் படியுங்கள்.