இரவு வானூர்திக்கு விடியற்காலைப் புறப்பாடு



தேர்வுத்தாள் திருத்தம், மதிப்பெண் பதிவு, ஆண்டறிக்கை என்று பள்ளி வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் இப்பக்கம் நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. மீண்டும் எழுத அமர்கையில் இலக்கணக் குறிப்பு எதையும் கொண்டுவரவில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் என் தாயாருடன் மேற்கொண்ட ஒரு நாள் பயணத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அம்மாவுக்கு வயது எழுபத்தைந்து. பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். அவருடைய அக்காள், எனக்குப் பெரியம்மா, தமிழ்நாட்டில் திருச்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறார். அக்காளும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரியம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று செய்தி வந்ததும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று பயணச்சீட்டு எடுத்தேன்.

வானூர்தி இரவு ஒன்பதரை மணிக்கு. ஈப்போவிலிருந்து நண்பகல் இரயிலில் கிளம்பினாலே போதும் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"காலையிலேயே கெளம்பிடுவோம் ஐயா. அங்க போயி உட்கார்ந்துக்கலாம்."

இது புதிதன்று. எங்கள் வீட்டில் எந்தப் பயணமானாலும் இப்படித்தான். எட்டு மணிப் பேருந்துக்கு ஆறரைக்கே நிலையத்தில் நிற்க வேண்டும். பத்து மணித் திருமணத்திற்குப் பெண்வீட்டாருக்கு முன்பாக நாங்கள் மண்டபத்தில் அமர்ந்திருப்போம். பிள்ளைகள் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இம்முறையும் சிரித்துக்கொண்டே காலை இரயிலுக்குச் சீட்டை மாற்றினேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கே அம்மா குளித்து, சாமி கும்பிட்டு, புடவை கட்டித் தயாராக இருந்தார். எலுமிச்சைச் சோறும் பொரித்த உருளைக்கிழங்கும் பொட்டலமாகிவிட்டன. பெட்டியில் பெரியம்மாவுக்காக இரண்டு பொட்டலம் மைலோ, ஒரு டின் பிஸ்கட், மூன்று பாத்தேக் கைலி, கோடாலித் தைலம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய டப்பா முறுக்கு. "அங்க முறுக்கு கெடைக்காதாம்மா?" என்று என் மகள் கேட்டாள். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஈப்போ இரயில் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம் அது. குவிமாடங்களைக் கண்டு மக்கள் அதை 'ஈப்போ தாஜ்மகால்' என்கிறார்கள். அதன் படிகளில் அம்மா சற்று நின்றார். "இந்த வழியாத்தான் தாத்தாவெல்லாம் போனாங்க" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

மின்சார இரயில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரலை அடைந்தது. பத்து காஜா, கம்பார், தாப்பா சாலை, தஞ்சோங் மாலிம் என்று நிலையங்கள் கடந்துபோயின. சீட்டு எடுத்தபோது மூத்த குடிமக்களுக்கான சலுகைக்காக அம்மாவின் அடையாள அட்டையைக் காட்டியிருந்தேன். அந்த அட்டையை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் இரண்டு மூன்று முறை அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

அந்த நீல அட்டைக்கு ஒரு கதை உண்டு. நாட்டு விடுதலைக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர்களில் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. தோட்டப்புறத்தில் பலருக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. எட்டியவர்களிலும் பலர் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிட்டார்கள். என் தாத்தா அவர்களுள் ஒருவர். பிறகு, 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற்றாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டுகளில் சீட்டுக் கிடைக்காமலும், கிடைக்குமோ என்ற அச்சத்திலும் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்திற்குக் கப்பலேறினார்கள். 1970-இல் என் தாத்தா, பாட்டி, பெரியம்மா, பெரியப்பா எல்லாரும் 'ரஜூலா' கப்பலில் போனார்கள். அப்பாவிடம் நீல அட்டை இருந்ததால் அம்மா மட்டும் இங்கே தங்கினார். அவருடைய கையிலோ சிவப்பு அட்டை. அது நீலமாக மாறியது 2012-இல்தான். அதுவரை மலேசியக் கடப்பிதழ் பெற வழியில்லை. பிறகு அப்பாவின் நோய், அதன்பின் பெருந்தொற்று என்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கியபோது பதினொரு மணிகூட ஆகவில்லை. பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, கோயிலுக்கும் போய்வரலாம் என்றேன். அம்மா நிலையத்தை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார். ஆகவே நிலையத்து இருக்கையிலேயே எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவசரம் அவசரமாக ஓடும் கூட்டத்தின் நடுவே அமர்ந்து நிதானமாகச் சாப்பிட்டது ஒரு தனி இன்பம்தான்.

அங்கிருந்து வானூர்தி நிலையத்து இரண்டாம் முனையத்திற்கு விரைவு இரயிலில் அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் தோன்றத் தொடங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்கயும் தோட்டம் இருந்திருக்கு."

இருந்தது. 1998-இல் திறக்கப்பட்ட அந்த வானூர்தி நிலையத்திற்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 10,000 எக்டர். பெரும்பகுதி தோட்ட நிலம். நம் மக்கள் வாழ்ந்த லயங்களும் அங்கே இருந்தன. இன்று அந்த வழியாக நாம் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறோம்.

முனையத்தை அடைந்தபோது மணி இரண்டு. பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பு திறக்க இன்னும் நான்கு மணி நேரத்திற்குக் குறையாது. ஓர் ஓரமாக அமர்ந்தோம். கைத்தொலைபேசியில் மின்னேற்றம் குறைந்துவிட்டதால் அதையும் அணைத்து வைத்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படி ஒன்றுமில்லாமல் அம்மாவின் அருகில் கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "ஏம்மா எப்பவும் இவ்வளவு சீக்கிரம் வரணும்னு சொல்றீங்க?"

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, முகப்பைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

கப்பலேறும் முந்தின வாரம் அக்காளுக்கும் தங்கைக்கும் வாய்ச்சண்டை. "நீயும் வந்துடு" என்று அக்காள் சொல்ல, "என் வீட்டுக்காரரை விட்டு எப்படி வருவேன்" என்று தங்கை சொல்ல, பேச்சு தடித்துவிட்டது. குடும்பம் முதல் நாளே பினாங்குக்குப் போய்விட்டது. மறுநாள் மனம் கேளாமல், அக்காளுக்குக் கப்பலில் தின்ன முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு அம்மா தனியாகக் கிளம்பினார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். தைப்பிங்கில் பேருந்து மாறுகையில் வாந்தியும் மயக்கமும். நிலையத்து மரப்பலகையில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தார். அடுத்த பேருந்தும் போய்விட்டது. பட்டர்வொர்த்தை அடைந்து, படகுத் துறையில் காத்திருந்து, பயணப்படகு கடலின் நடுவே வந்தபோது, கப்பல் துறையை விட்டுப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அன்று பாலம் ஏது? அது 1985-இல்தான் வந்தது.

"கையக் காட்டுனேன். அம்மாந்தொலவுல யாரு கண்ணுக்குத் தெரியும்? கோவத்துல நான் வரலைன்னுதானே அக்கா நெனச்சிருக்கும்."

"கடிதத்தில் எழுதியிருக்கலாமே அம்மா?"

"யாரு எழுதறது? கிராணிதானே எழுதிக் குடுப்பாரு. அவருகிட்ட இதயெல்லாம் எப்படிச் சொல்றது?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர். பெயரை எழுதுவார். கடிதம் எழுத வராது. தோட்டத்துக் கிராணி எழுதினார். அவருக்குப் பின் அப்பா எழுதினார். நலம், நலமறிய ஆவல், மழை, விலைவாசி. எனக்கு எழுத்துத் தெரிந்தபின் நானும் எழுதினேன். அம்மா சொன்ன இரண்டு வரியை ஆறு வரியாக்கி, அழகிய கையெழுத்தில் எழுதிப் பாராட்டும் பெற்றேன். பின்னாளில் தமிழாசிரியனாகி, முப்பதாண்டுகளாக மாணவர்களுக்கு உறவுக் கடிதம், நட்புக் கடிதம், அலுவல் கடிதம் என்று வகை பிரித்துக் கற்பித்து வருகிறேன். அந்தக் கடிதங்களில் ஒன்றிலாவது, "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா?" என்று நான் கேட்டதில்லை.

அந்தப் பயணத்தில் அம்மா சுமந்த பிள்ளை நான்தான். தாமதத்திற்குக் காரணமும் நான். எழுதாமல் போனவனும் நான்.

மாலையில் பெட்டிகளை ஒப்படைத்தோம். குடிநுழைவுப் பகுதியில் தானியங்கிக் கதவு அம்மாவின் பெருவிரல் ரேகையை ஏற்கவில்லை. ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை. நாற்பதாண்டுகள் உளி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "விடமாட்டாங்களா ஐயா?" என்றார். பணியில் இருந்த இளம் பெண்மணி எங்களை முகப்புக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த அதிகாரி கடப்பிதழைப் புரட்டிவிட்டு, "முதல் பயணமா, மக்சிக்?" என்று மலாயில் கேட்டார். அம்மா தலையசைத்தார். அவர் முத்திரை குத்தி, இரு கைகளாலும் கடப்பிதழை நீட்டினார். அப்பண்பை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

உள்ளே வான்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே வானூர்திகள் ஊர்ந்து செல்லும். சக்கர நாற்காலியை அங்கே நிறுத்தச் சொல்லி, ஒரு வானூர்தி கடந்து போகும்வரை அம்மா பார்த்தார். அவசரமே இல்லாத நாள் அல்லவா? முழுதும் பார்த்தோம்.

வானூர்தி எழும்பியபோது என் கையை இறுகப் பற்றியவர், விளக்குகள் கீழே சிறுத்ததும் விட்டுவிட்டார். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். தாத்தா கடலில் நாட்கணக்கில் போன வழி. இறங்கும் முன் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னே தள்ளி வைக்கச் சொன்னேன்.

"அவ்வளவு நேரம் திரும்பக் கெடைக்குதா?"

"ஆமாம்மா."

"அன்னிக்குக் கெடச்சிருந்தா கப்பலப் பிடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா தாமே சிரித்தார்.

திருச்சியின் புதிய முனையம் 2024-இல் திறக்கப்பட்டது. கோபுர வண்ணங்களோடு கண்ணைக் கவர்கிறது. ஆனால் நாங்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. வாயிலுக்கு வெளியே, இரவு பதினொன்றரை மணிக்கு, பேத்தி பிடித்த சக்கர நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு சக்கர நாற்காலிகளும் எதிரெதிரே நின்றன.

அம்மா முறுக்கு டப்பாவை அக்காள் மடியில் வைத்தார். "அன்னிக்கு நான் வந்தேன்க்கா. கப்பல் கெளம்பிருச்சி" என்றார்.

பெரியம்மாவுக்குக் காது மந்தம். பேத்தி குனிந்து, காதருகே அதைத் திரும்பச் சொன்னாள். பெரியம்மா தங்கையின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ வரலைன்னு நான் எப்போடி சொன்னேன்? வயித்துப் பிள்ளையோட எதுக்கு அலைஞ்சே?"

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நரைத்த தலை, கண்ணாடி, தொந்தி. "இவன்தானா அது?"

நண்பர்களே, பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கடிதப் பாடம் எடுத்தேன். 'விடுமுறைக்கு நண்பனை அழைத்துக் கடிதம் எழுதுக' என்ற வழக்கமான தலைப்பை ஒதுக்கி வைத்தேன். "வீட்டில் தாத்தாவோ பாட்டியோ யாருக்காவது எதையாவது சொல்ல விரும்புகிறார்களா என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி வாருங்கள்" என்றேன். வந்தவற்றுள் சிலவற்றுக்கு என்னால் மதிப்பெண் இட முடியவில்லை. அவற்றை உறையிலிட்டு, முகவரி கேட்டு அனுப்பி வைத்தோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பிறப்பை உரிய காலத்தில் பதிந்துவிடுங்கள்; தீபகற்பத்தில் அறுபது நாள் அவகாசம் உண்டு. 'பிறகு பார்க்கலாம்' என்று விட்ட ஒரு தாளுக்காக ஒரு குடும்பம் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்ததை நான் கண்டேன். அடுத்த விடுமுறையில் முதியவர் ஒருவரோடு பயணம் போகிறவர்கள், சற்று முன்னதாகவே கிளம்புங்கள். பேசுவதற்கு நேரம் கிடைக்கும்.