கருப்பு முகமும் பத்தடி பிளெக்ஸும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற வறண்ட காடு. இங்கே காலனியில் ஒரு சாவு விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' பிளெக்ஸ் நிற்க வேண்டும். பையன்கள் டவுனுக்கு வண்டியில் வருவார்கள். கையில் செத்துப்போன கிழவியின் வாக்காளர் அட்டை இருக்கும். அதில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு முகம். "அண்ணே, இத பத்துக்கு எட்டு போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள். நான் டிசைன் போடுகிறவன். விரலகல முகத்தைப் பத்தடிக்குக் கொண்டுபோவது என் வேலை.

ஊருக்குள்ளிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவது வேறு. கல்யாண ஆல்பம், மணிவிழாப் படம், ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்த படம். எது வேணும்னு அவர்கள்தான் நம்மைக் கேட்பார்கள். எங்க கிழவிகளுக்கு ஸ்டூடியோ ஏது? 1993-க்குப் பிறகு தேர்தல் கமிஷன் அட்டை கொடுக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தெரிந்த பல பேர் முதல்தடவையாகக் கேமரா முன்னால் நின்றார்கள். நின்றார்கள் என்பதைவிட நிறுத்தப்பட்டார்கள். அந்த மிரட்சி முகத்திலேயே இருக்கிறது.

தலைவர்களுக்கும் இதே கதிதான். இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் கொல்லப்பட்டபோது அவருக்கு 33 வயது நிறையவில்லை. 2010-ல் அவருக்குத் தபால்தலை வந்தது. வருசா வருசம் நினைவு நாளுக்கு எங்க கைக்கு வந்து சேர்வதோ நகலுக்கு நகல் எடுத்து மழுங்கிப்போன ஒன்றிரண்டு படங்கள். கண்ணும் மீசையும் மிஞ்சும். மற்றதைக் கையால் மீட்டுத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

கணக்கு இதுதான். புத்தகத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிற பிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 30 இருந்தாலே கண் ஏற்றுக்கொள்ளும். ஓரங்குல அகலப் படத்தை 600-ல் ஸ்கேன் செய்து, முகத்தை நாலடி அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்குப் பன்னிரண்டரைதான் தேறும். ஸ்கேனரை 1200-க்கு ஏற்றினால் எண்ணிக்கை கூடும், முகம் கூடாது. அட்டையின் அச்சுப் புள்ளிதான் அம்மைத் தழும்பாட்டம் தெரியும். அதனால் முகத்தை இரண்டடியில் நிறுத்தி, சுத்திலும் வெற்றிடம் விட்டு, பேரைப் பெரிசாகப் போடுவேன். "முகம் சின்னதா இருக்கேண்ணே" என்பான். "சின்னதா இருந்தாலும் அது உங்க அம்மாச்சிடா" என்பேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்திருக்கிறது. மங்கலான படத்தைக் கொடுத்தால் நொடியில் பளிச்சென்று ஆக்கித் தரும். ஆனால் அது படத்தில் இல்லாததைக் கண்டுபிடிப்பதில்லை. தான் படித்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கிய ஒரு பாட்டியின் காதை அது தைத்து மூடிவிட்டது. மூக்கைக் கூர்மையாக்கியது. வெத்திலைக் காவிப் பல்லை வெள்ளையாக்கியது. வந்தது லட்சணமான ஒரு முகம்தான். ஆனால் அந்தத் தெருவில் யாருக்கும் அவளைத் தெரியாது. அது படித்த முகங்களில் களையெடுத்துக் காய்ந்த கிழவிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அடுத்தது நிறம். கருப்பு முகம் மெஷினில் அடைத்துக்கொள்ளும், அதனால் வெளுத்து விடு என்பது தொழிலில் புழங்குகிற பாடம். பாதி உண்மை. திரையின் நிறம் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு மையாகப் பிரியும்போது கருத்த தோலில் கருப்பு மை கூடிப்போனால் கன்னம் அழுக்காகும். சயான் ஏறினால் முகம் சாம்பல் பூத்துவிடும். அதற்கு வைத்தியம் வெளுப்பதல்ல. கருப்பு மையையும் சயானையும் இறக்கி, மெஜந்தாவையும் மஞ்சளையும் நிறுத்தி, நிழலை மட்டும் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். ஓரடித் துண்டு அடித்து வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். கால்மணி நேரம் கூட ஆகும். அந்தக் கால்மணி நேரத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் கருத்தவர்களைச் செத்த பிறகு சிவப்பாக்குகிறார்கள். உயிரோடிருந்தபோது எந்த நிறத்தைச் சொல்லிக் கேவலப்படுத்தினார்களோ, அதைப் படத்திலும் அழித்துவிட்டு அஞ்சலி என்கிறார்கள்.

பிளெக்ஸை நான் புகழ வரவில்லை. அது மக்காத பிளாஸ்டிக். 2019 செப்டம்பர் 12-ல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி, 23 வயது சுபஸ்ரீ செத்துப்போனார். ரோட்டை மறித்து எவன் கட்டினாலும் தப்புதான். ஆனால் ஆயுசு முழுக்க ஊர்த்தெருவில் தலைகுனிந்து நடந்த ஒருத்தி, தன் தெருமுனையில் ரெண்டு நாளாவது எல்லார் கண்ணுக்கும் நேராகப் பார்த்து நிற்கிறாள். அந்தப் பார்வை அவளுடையதாக இருக்க வேண்டாமா?

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்க கையில் இருக்கிற போனே 4000-க்கு 3000 பிக்சல் எடுக்கும். அந்த 3000-ஐ ஆறடிக்கு விரித்தாலும் அங்குலத்துக்கு 40-க்கு மேல் தேறும். எனக்கு அது தாராளம். கிழவியை வேப்பமர நிழலில் உட்கார வைத்து, தண்டட்டியோடு, வெத்திலை வாயோடு, அவள் சிரிக்கும்போது எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூல பைலை ரெண்டு இடத்தில் வையுங்கள். அவளிடம் காட்டி, "இது நீதானா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று சொல்ல அவள் இருக்கும்போதே கேளுங்கள்.