நீளக் குழலும் தாத்தாவின் மூங்கில் அளவும்

இன்னிக்கு விஷயம் துப்பாக்கி. பயப்படாதீங்க, காகிதத்துல ஓட்டை போடற துப்பாக்கிதான் :-)

நான் இருக்கிறது ஒஹையோ. துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பேர் போன கேம்ப் பெர்ரி இந்த மாநிலத்துலதான் இருக்கு. 1907-லேர்ந்து அங்கே தேசியப் போட்டி நடக்குது. கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் வருஷா வருஷம் அங்கே போவார். அவர் ரொம்ப நாளா கூப்பிட்டும் நான் போகலை. காரணம் விசா. எச்-1பி-ல இருக்கிறவங்க துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில வெச்சிருக்கிறதே இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. "ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து ஒரு ரவுண்டு சுட்டேன்"னு போட்டோ போடற தம்பிகளே, கொஞ்சம் யோசிங்க. எனக்குக் கிரீன் கார்டு வந்த பிறகுதான் அந்த ஆசையே வந்தது.

ஏ.ஆர்-15-ஐ லெகோ மாதிரி ரெண்டாப் பிரிக்கலாம். வரிசை எண் போட்ட கீழ்ப்பாதிதான் சட்டத்துக்கு "துப்பாக்கி". அதைக் கடையில பின்புல விசாரணை முடிச்சுத்தான் தருவாங்க. குழல் இருக்கிற மேல்பாதிக்குப் பேர் அப்பர். குறி சரியா விழுதா இல்லையான்னு தீர்மானிக்கிறதுல பெரும்பங்கு இதுக்குத்தான். தங்கமணி ஒதுக்கின பட்ஜெட் எல்லாம் சேர்த்து 1000 டாலர். கூடவே ஒரு நிபந்தனை: இரும்புப் பெட்டி வந்த பிறகுதான் துப்பாக்கி வீட்டுக்குள்ள வரணும். பையனுக்குப் பதினொரு வயசு. நியாயமான நிபந்தனைதான்.

எனக்கு 24 அங்குலக் குழல்தான் வேணும்னு பிடிவாதம். ஏன்னு இப்பக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

எங்க ஊர் குடுபல்லி. குப்பத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன். ஆந்திராதான், ஆனா வீட்டுல தமிழ், கடைவீதியில தெலுங்கு. தாத்தாகிட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. நிலக்கடலைக் காட்டுக்கு வர பன்றியை விரட்டறதுக்கு. 1959 ஆயுதச் சட்டத்துல பயிர்க் காவலுக்குன்னே இந்த மாதிரி வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் இருக்கு. அது என் உயரத்துக்கு இருக்கும். "நீளமா இருந்தா நேராப் போகும்"னு அப்ப மனசுல பதிஞ்சது, முப்பது வருஷம் அப்படியே இருந்திருக்கு.

நண்பர் சிரிச்சார். நீளம் தரது வேகம், துல்லியம் இல்லைன்னார். குழல் நீள நீள, மருந்தோட அழுத்தம் குண்டை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளும். வேகம் கூடினா தூரத்துல குண்டு இறங்கறதும் காத்துல ஒதுங்கறதும் குறையும். அவ்வளவுதான். அதே கனத்துல நீளக் குழல் குட்டைக் குழலைவிட அதிகமா வளைஞ்சு அதிரும். அதிர்வைக் குறைக்கக் கனத்தைக் கூட்டினா தூக்கிப் பிடிக்கக் கை வலிக்கும்.

மலிவு அப்பர்ல எதைப் பார்க்கணும்னு அவர் சொன்னதைச் சுருக்கமாத் தரேன்.

முதல்ல, குழலுக்குள்ள திருகாணி மரை மாதிரி ஓடற வரி. எத்தனை அங்குலத்துல ஒரு சுத்து சுத்துதுன்னு பார்க்கணும். பழைய எம்-16-ல 12 அங்குலத்துக்கு ஒரு சுத்து. அது 55 கிரெய்ன் லேசான குண்டுக்குப் போதும். தூரத்துக்குத் தேவையான 77 கிரெய்ன் குண்டு நீளமானது. பம்பரம் மாதிரி வேகமாச் சுத்தலைன்னா தள்ளாடும். அதுக்கு 8-க்கு ஒண்ணு சரி. அடுத்தது, முன்கைப்பிடி குழலைத் தொடாம நிக்கணும். தொட்டா, நாம அழுத்திப் பிடிக்கிற பிடியே குறியை நகர்த்திடும். மூணாவது, தோட்டா உக்கார்ற அறை 223 வைல்ட் வகையா இருந்தா ரெண்டு வகைத் தோட்டாவும் போடலாம், குறியும் கெடாது. மிச்சப் பணம் தொலைநோக்கிக்கும் நல்ல தோட்டாவுக்கும்.

கடைசியில நான் வாங்கினது 20 அங்குலம். 450 டாலர்.

மலிவுத் தோட்டாவுல 100 கஜத்துல பத்துக் குண்டு 3 அங்குல வட்டத்துல விழுந்தது. 77 கிரெய்ன் போட்டியத் தோட்டாவுல அதே குழல், அதே ஆள், ஒன்றேகால் அங்குலம்! மூணு குண்டு மட்டும் சுட்டு "ஒரு அங்குலம்"னு பெருமை பேசறவங்களை நம்பாதீங்க, பத்து சுடச் சொல்லுங்க.

அப்பத்தான் தாத்தாவோட மூங்கில் அளவு ஞாபகம் வந்தது. விரல் பருமன் மூங்கில் துண்டு. ஒவ்வொரு தடவையும் அதே மூங்கில், தலைதட்டி அதே அளவு மருந்து, அதே எண்ணிக்கை கெட்டிப்பு. நீளம் இல்லைங்க, அந்த மாறாத கைதான் விஷயம்.

அப்புறம் 600 கஜம் போனோம். பத்துல நாலுதான் பலகையிலேயே விழுந்தது. அந்தத் தூரத்துல மணிக்கு 10 மைல் பக்கவாட்டுக் காத்து 77 கிரெய்ன் குண்டைச் சுமார் 3 அடி ஒதுக்கிடும். "மிச்ச ஆறு எங்கே போச்சு?"ன்னு கேட்டேன். "பின்னாடி மண்மேடு இருக்கு, கவலைப்படாதே"ன்னார் நண்பர்.

தாத்தாவுக்கு மண்மேடு இல்லை. ஒரு ராத்திரி புதர் அசைஞ்சதுன்னு தூரத்துலேர்ந்தே சுட்டார். காலையில பார்த்தா பக்கத்துக் காட்டுக்காரரோட கன்னுக்குட்டி. பணம் கொடுத்தார், அவரும் பெரிசுபடுத்தலை. 1989 தேர்தலுக்கு வழக்கம்போல ஸ்டேஷன்ல துப்பாக்கியை ஒப்படைச்சவர், திருப்பி வாங்கவே போகலை. பாட்டி கேட்டதுக்கு, "கண்ணு போற தூரத்துக்குக் கை போகலை"ன்னார். அதுக்கப்புறம் பன்றிக்குத் தகர டப்பாதான்.

நானும் 300 கஜத்துக்கு வந்துட்டேன். பத்தும் பலகையில விழற வரைக்கும் அங்கேதான்.

பி.கு: ஊருக்குக் கிளம்பறப்ப ரேஞ்சுக்குக் கொண்டுபோற பையை எடுத்துட்டுப் போகாதீங்க. பக்கப் பையில மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், விமான நிலையத்துலேர்ந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். நான் அதுக்குன்னு சிவப்புப் பை வெச்சிருக்கேன், கராஜைத் தாண்டி வீட்டுக்குள்ளயே வராது.